டைட்டஸ் போட்ட முடிச்சு

வேளாங்கண்ணி காரோட்டக் கற்றுக்கொண்டபோது குளச்சலில் வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த கதையாயிற்று. புருஷன் டைட்டஸ் கடலில் காணாமல் போய் வருஷங்கள் ஓடியும் தாலியைக் கழற்றாதவள், அவன் வாங்கிப் போட்ட பழைய காரையா விற்றுவிடப் போகிறாள்?

உடல் கிடைக்கவில்லை. அதனால் அவனுக்கு இறந்தவர் பூசை வைக்க அவள் சம்மதிக்கவே இல்லை. கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுதிரியோடு போகும். இவள் கதவைச் சாத்திக்கொண்டு கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருப்பாள். புத்தி சொல்ல வந்த மைத்துனர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்.

"அவரு செத்தத நீங்க பாத்தியளா?"



இந்த மழைக்காலத்தில்தான் கார் மூச்சுவிடத் தொடங்கியது. முற்றத்தில் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டால், சத்தம் மெல்ல ஏறும். உஸ்ஸென்று இழுக்கும். பிறகு அடங்கும். நின்றேவிட்டதோ என்று நினைக்கையில் மறுபடி ஏறும். டைட்டஸ் தூங்குவது அப்படித்தான். பீடி குடித்துக் குடித்துக் கெட்ட நெஞ்சு. மூச்சு அடங்கும்போதெல்லாம் இவள் பதறி அவன் மார்பில் கை வைத்துப் பார்ப்பாள்.

முதல் நாள் அதைக் கேட்டுப் பயந்து சட்டென்று இன்ஜினை அணைத்துவிட்டாள். மறுநாள் பயம் போய்விட்டது. அதன்பின் சாயங்காலமானால் வண்டிக்குள் போய் இன்ஜினை ஓடவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப்போய்விடுவார்களே!

மாசமாயிருந்த மகள் அபினாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று, ரயில் தண்டவாளத்தின் மேலேயே அந்த மூச்சு அடங்கியது. திரும்ப ஏறவில்லை. பின்னால் வந்தவர்கள் ஓடிவந்து வண்டியைத் தள்ளினார்கள். அபினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"யம்மா, ஒண்ணு இத சரியாக்கு. இல்லேண்ணா வித்துரு."

விற்க மனமில்லை. பக்கத்து ஊரான கருங்கலில் மெக்கானிக் ராஜையன் பட்டறைக்குக் கொண்டுபோனாள். ராஜையன் சி.எஸ்.ஐ. சபைக்காரர். வீட்டில் ஊதுவத்தி வாசமே ஆகாது. பட்டறையில் மட்டும், புகைவிட்டு ஓட்டை பார்க்க, கட்டுக்கட்டாக வைத்திருப்பார்.

"எங்கயோ காத்த களவா உள்ள இழுக்குது, எக்கா. குழாயில விரிசல் இருக்கும்," என்றார்.

பெட்ரோல் ஒழுக்கில்லை என்று பார்த்துக்கொண்டு, விசிறி சுற்றாத நேரமாக வத்தியைப் பற்றவைத்து, ஓடுகிற இன்ஜினின் ரப்பர் குழாய்களை ஒட்டி நகர்த்தினார். புகை நேராக எழுந்தது. பின்பக்கம் ஒரு குழாயருகே போனதும் வளைந்து உள்ளே இழுபட்டது. சற்று நின்றது. மறுபடி இழுபட்டது. டைட்டஸ் பீடி இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது போலவே இருந்தது. வேளாங்கண்ணி சிலுவை போட்டுக்கொண்டாள். 'அத நிறுத்திராதீங்க' என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

ராஜையன் இன்ஜினை அணைத்து டார்ச் அடித்தார். "இஞ்ச பாருங்க. யாரோ கடல்காரன் பண்ணின வேலை."

விரிசல் விட்ட இடத்தில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, நீல வலைநூலால் கட்டியிருந்தது. சூட்டில் ரப்பர் இளகிக் கட்டு நெகிழ்ந்திருந்தது. அவர் கத்தியை எடுத்தார்.

"வெட்டாதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "நான் அவுக்கேன். அந்த முடிச்சு எனக்குத் தெரியும்."

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தாள். கையை விட்டால் டார்ச் வெளிச்சம் மறைகிற இடம், தடவித்தான் அவிழ்க்க வேண்டும். வலையில் அவன் போட்ட முடிச்சை இவள் அவிழ்ப்பதும் இவள் போட்டதை அவன் அவிழ்ப்பதும் கல்யாணமான நாள் முதல் நடந்ததுதான். கடைசிச் சுற்றும் கழன்று நூல் கையோடு வந்தது. வலைநூலில் அவன் போட்டதில் மிச்சமிருந்த முடிச்சு இது ஒன்றுதான். அவள் அதைக் கைக்குள் வைத்துக்கொண்டு அழுதாள். ராஜையன் எதையோ தேடுகிறவர் போல உள்ளே போய்விட்டார்.

புதுக் குழாய் மாட்டியதும் இன்ஜின் ஒரே சீராக ஓடியது.

"இப்ப சத்தமே இல்ல, பாத்தியளா?" என்றார் சந்தோஷமாக.

வேளாங்கண்ணி வழியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு வந்தாள். தண்டவாளத்தருகே கேட் போட்டிருந்தது. அங்கே காத்து நின்றபோதும் கேட்டாள். அந்த மூச்சு ஏறவுமில்லை, அடங்கவுமில்லை. வண்டியில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

வீட்டு வாசலில் அபினா நின்றாள். "சரியாச்சா, யம்மா?"

"ஆச்சு மக்களே. ஏறு, கோயிலுக்குப் போவோம். அப்பாவுக்கு ஒரு பூசைக்குச் சொல்லணும்."

அபினா ஏறி உட்கார்ந்து, பயந்து பயந்து கேட்டாள். "என்ன பூசை, யம்மா?"

"செத்தவங்களுக்கு வைக்கிற பூசைதான்," என்றாள் வேளாங்கண்ணி.