மாடத்தியின் சிரட்டைக்கரி

தேய்ப்புப் பெட்டியைத் துணியில் வைப்பதற்கு முன்னால் சுடலைமாடத்தி அதை ஒரு வாழையிலைத் துண்டின்மேல் இழுப்பாள். இலை எழுப்பும் சத்தத்திலேயே அவளுக்குச் சூடு தெரிந்துவிடும். சீறினால் பருத்தி வேட்டிக்கு ஆகும். முனகினால் டெரிகாட்டன் சட்டைக்கு. சத்தமே இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் கனல் வேண்டும். திருவனந்தபுரம் தைக்காட்டில் ஒரு தெருமுனைப் பாதாம் மரத்தடியில் அவளுடைய வண்டி நின்றது. மின்சாரத் தேய்ப்புப் பெட்டி வாங்கிவிட்ட வீடுகள்கூடக் கல்யாணத்துக்கு உடுத்தும் வேட்டியை அவளிடம்தான் கொடுத்தனுப்பின.

வள்ளியூரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அவள். தொண்ணூற்று மூன்றில் தாணுமாலையனைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த ஊருக்கு வந்தாள். அவன் தம்பானூரில் ஆறுமுகநயினார் நடத்திய சைவ ஹோட்டலில் தோசை மாஸ்டர். குடி கிடையாது, சூதாட்டம் கிடையாது. வாயில் மட்டும் எப்போதும் ஒரு நையாண்டி இருக்கும். மகள் பிறந்தபோது தன் அம்மா பெயரை வைக்க வேண்டும் என்றான். மாடத்தி கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெண் சொன்ன ஷிஜா என்ற பெயரையே வைத்தாள். இந்த ஊரில் படிக்கப் போகிற பிள்ளைக்கு இந்த ஊர்ப் பெயர் இருக்கட்டும் என்றாள். அந்தப் பேச்சை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்த்தவர்கள், பிள்ளைக்குப் பள்ளிக்கூட வயது வந்ததும் ஊரில் சொந்தக்காரர் யாரிடமாவது கொண்டுபோய் விட்டுவிடுவது வழக்கம். பாசம் இல்லாமல் அல்ல. பிள்ளை கூட இருந்தால்தான் தனி அறை வேண்டும். பிள்ளை ஊருக்குப் போய்விட்டால் புருஷன் ஹோட்டல் மச்சில் படுத்துக்கொள்வான். பெண்சாதி வேறு சில பெண்களோடு ஒரு அறையில் ஒடுங்கிக்கொள்வாள். வாடகை மிச்சம். மாடத்தியோடு தொழில் பழகியவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அந்தப் பிள்ளைகள் பெரிய லீவுக்கு வரும்போது, பானையில் தண்ணீர் மோந்து குடிப்பதற்குக்கூடப் பெற்ற தாயிடம் குடிக்கலாமா என்று கேட்டு நிற்பதை மாடத்தி பார்த்திருக்கிறாள். அது அவள் மனதை விட்டுப் போகவே இல்லை.

இரண்டாயிரமாவது வருஷம் ஷிஜா ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டும். அந்த மார்ச் மாதத்தில்தான் எல்லாம் சேர்ந்து வந்தது. வலியசாலை அக்ரகாரத்தில் பட்டாபியின் வீட்டுக்குப் பின்கட்டில், தனி வாசலுள்ள ஒரு அறையில் அவர்கள் குடியிருந்தார்கள். பட்டாபி கெட்ட மனிதர் அல்ல. கரண்டு பில்லையும் தண்ணீர் பில்லையும் கையில் வைத்துக்கொண்டு, தனக்கே கூச்சமாக இருப்பதுபோல் சுவரைப் பார்த்தபடி, ஜூன் முதல் வாடகையை ஒன்றரை மடங்கு ஆக்கப்போவதாகச் சொன்னார். சாலைக் கடைத்தெருவில் அரிசி ஏறியிருந்தது. மாடத்தியின் ஊர்க் கத்தரிக்காய்தான் லாரியில் வந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டியதும் அதற்கு இரட்டை விலை. எல்லாவற்றுக்கும் மேலே கரி. அவள் வாங்கும் அடுப்புக்கரியின் விலை வருஷத்தில் இரண்டு முறை கூடிவிட்டது. தேய்ப்புக் கூலியையோ அவளால் கூட்ட முடியவில்லை. கூட்டினால் மின்சாரப் பெட்டிதான் ஜெயிக்கும்.

வள்ளியூரிலிருந்து அக்கா சொல்லியனுப்பினாள். பிள்ளை இங்கே என்னிடம் இருந்து படிக்கட்டும், தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று. தாணுமாலையனும் அதுதான் சரி என்றான். மாடத்தி சரி என்று வாயால் சொன்னாள். அன்றைக்கு வண்டியருகே நின்றபோது அவள் கை வேட்டியை மடித்தது, மனம் ஜூன் மாதத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று பார்த்தது.

கரிச் செலவு மட்டும் இல்லாமல் போனால் கூடுதல் வாடகையைக் கட்டிவிடலாம். இதை அவள் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. கரிக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி. அதற்கும் அந்தத் தெருவே பதில் வைத்திருந்தது. இங்கே ஒரு வீட்டில் தேங்காய் உடைக்காத நாள் கிடையாது. முன்பெல்லாம் தேங்காய்ச் சிரட்டையை அடுப்பில் போட்டு எரித்தார்கள். எல்லா வீட்டுக்கும் கேஸ் வந்துவிட்ட பிறகு சிரட்டைகள் கொல்லைப்புறத்தில் மழைத்தண்ணீரும் கொசுவும் பிடித்துக் கிடந்தன. தேய்ப்புப் பெட்டிக்குச் சிரட்டைக்கரியைப்போல ஒன்று கிடையாது. பொறி தெறிக்காது, சாம்பல் குறைவு, சூடு நின்று கொடுக்கும். ஒரு பை சிரட்டை கொண்டுவந்தால் ஒரு சட்டை சும்மா தேய்த்துத் தருகிறேன் என்று மாடத்தி வீடு வீடாகச் சொன்னாள்.

நாலாவது வீட்டுச் சரோஜம், தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் பேசுகிறவள், கேலி செய்தாள். "இன்னைக்கு சிரட்டை. நாளைக்கு தேங்காயும் கூட கொண்டா எந்நு சொல்லுவியோ மாடத்தி?"

சொன்னாளே தவிர, முதல் பை அவள் வீட்டிலிருந்துதான் வந்தது.

சிரட்டையைக் கரியாக்க ஒரு பழைய தார் டிரம்மை வாங்கி, வண்டிக்குப் பின்னால் இருந்த காலி மனையில் வைத்தாள். அங்கேதான் அவள் பிசகிவிட்டாள். சித்திரை விஷுவுக்கு முந்தின நாள் அது. மறுநாள் கோயிலுக்கு உடுத்திப் போவதற்காகத் தெரு முழுக்க வெள்ளை வேட்டிகளும் கரை போட்ட முண்டுகளும் துவைத்து மாடிகளில் காய்ந்துகொண்டிருந்தன. தேய்க்க வந்த துணி அன்றைக்கு நிறைய என்பதால் கரியும் நிறைய வேண்டும் என்று மாடத்தி டிரம்மை நிரப்பித் தீ வைத்தாள். காற்று கடல் பக்கமிருந்து திரும்பியதை அவள் கவனிக்கவில்லை. கண்ணை நிமிர்த்திப் பார்த்தபோது, எண்ணெய்ப் பிசுக்குள்ள கரும்புகை மாடிமாடியாக ஏறிப் போய்க்கொண்டிருந்தது. துணியை வெளுப்பாக வைத்துக்கொடுப்பதே பிழைப்பு என்று இருந்தவள் ஒரு தெருவின் துணியையே கறுப்பாக்கிவிட்டாள்.

தெருச் சங்கத்தின் செயலாளர் நீலகண்டன், ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர், கரிப்புள்ளி விழுந்த வேட்டியைக் கையில் தூக்கிக்கொண்டே இறங்கி வந்தார். விஷு கழிந்ததும் வண்டி இங்கே நிற்கக் கூடாது, கார்ப்பரேஷனில் எழுதிக்கொடுக்கப் போகிறேன் என்றார். மாடத்தி டிரம்மை மூடித் தீயை அணைத்தாள். பிறகு ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறி, புகை பட்ட துணிகளை எல்லாம் வாங்கி வந்தாள். புகைக்கரியைக் கையால் தேய்த்தால் உள்ளே இறங்கிவிடும். அதனால் முதலில் உதறி, பிறகு மெல்ல ஊதி, அதன்பிறகுதான் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டாள். ஷிஜா மூக்கருகில் பிடித்துப் பிடித்து, இதில் புகை நாற்றம் இருக்கிறது, இதில் இல்லை என்று பிரித்துக் கொடுத்தாள். காலையில் எல்லா வீட்டுக்கும் துணி திரும்பிப் போனது. தேய்ப்புக்குக் காசு வாங்கவில்லை.

நீலகண்டனின் வேட்டியில் மட்டும் கரையோரம் பொட்டளவு கறை போகவில்லை. மாடத்தி அதை மடிப்புக்குள் மறைக்காமல், அவர் முன்னால் விரித்து, இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது ஆரும் காணமாட்டா," என்றார்.

"நான் கண்டுட்டேன் சார். உடுத்தும்போது உங்க மனசுல இருக்கும்லா."

அவர் வேட்டியை வாங்கி மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். "வண்டி நிக்கட்டு," என்றார். "தீ மட்டும் பாடில்லா."

வண்டி தப்பியது. தீ கூடாது என்றால் கரி கிடையாது. சிரட்டைப் பைகள் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன. கொண்டுவந்தவர்களிடம் சட்டை தேய்க்க மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பின்கட்டு அறையில் சாக்குகள் கூரை முட்ட ஏறின. படுப்பதற்கு இடம் தேடிய தாணுமாலையன், பட்டாபிக்கு இனிமேல் சிரட்டைக்கும் சேர்த்து வாடகை கொடுக்க வேண்டியதுதான் என்றான். மே மாதம் பிறந்தது. அவன் மச்சில் படுக்கை கேட்டு முதலாளியிடம் சொல்லி வைத்துவிட்டான். ஷிஜாவின் துணிமணிகளை ஒரு பையில் அடுக்கச் சொன்னான். மாடத்தி அடுக்கினாள். பாவாடை ஒவ்வொன்றையும் தேய்த்து அடுக்கியதால் அந்த வேலைக்கு ரொம்ப நாள் எடுத்தது.

ஒரு மத்தியானம் அறைச் சாவியைக் கொடுப்பதற்காக அவள் ஹோட்டலின் பின்வாசலுக்குப் போனாள். காலைப் பந்தி முடிந்து தாணுமாலையன் தோசைக்கல் அடுப்பை ஒதுக்கிக்கொண்டிருந்தான். ரப்பர் விறகு எரிந்து முடிந்து, அடுப்புக்குள் தணல் செக்கச்செவேல் என்று கிடந்தது. அவன் அதை முற்றத்துக்கு வாரி இழுத்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான். ஆவி கிளம்பி அடங்கியபோது கறுப்புச் சேறுதான் மிச்சம்.

"இத எதுக்குத் தண்ணிய ஊத்திக் கெடுக்கிய?" என்றாள் மாடத்தி.

"பின்ன என்ன, மாலை போட்டுக் கும்பிடவா?"

அவள் சாவியைக் கொடுக்க மறந்து, அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நேரே கல்லாவுக்குப் போனாள். ஆறுமுகநயினார் ஒரு காசைக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பக்கமும் பார்க்கிற மனிதர். விறகு விலை ஏறிவிட்டது என்று யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தார். மாடத்தி விஷயத்தைச் சொன்னாள். அவளிடம் அறை நிறையச் சிரட்டை இருக்கிறது. தினமும் கொண்டுவந்து தருவாள். ஹோட்டலில் சட்னிக்கு உடைக்கிற தேங்காயின் சிரட்டையும் அதோடு சேரட்டும். விறகில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம். தோசைக்கல் சூடாகிப் பந்தி முடிந்ததும் தணலைத் தண்ணீர் ஊற்றாமல் அவளுக்குத் தர வேண்டும். மூடியுள்ள தகர டின் அவளே கொண்டுவருவாள்.

நயினார் சந்தேகத்தோடு பார்த்தார். இனாமாக எதையும் யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. "இதுல ஒனக்கு என்னம்மா லாபம்?"

"தீ உங்களுக்கு அண்ணாச்சி, கனல் எனக்கு. எம் பிள்ள எங்கிட்ட இருக்கும்."

கடைசியில் சொன்னது அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. விறகு புரிந்தது. சரி என்றார்.

மறுநாளிலிருந்து அவள் விடியலில் சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு தம்பானூருக்கு நடந்தாள். சிரட்டைத் தீ விறகைவிடச் சீராக நின்றது. தோசை முறுகலாக வருகிறது என்று தாணுமாலையனே ஒப்புக்கொண்டான். ஆனால் மனைவியிடம் சொல்லாமல் பரிமாறுகிறவனிடம் சொன்னான். அவன் அள்ளித் தரும் தணலை டின்னில் போட்டு மூடினால், காற்றில்லாமல் அணைந்து, சாயங்காலத்துக்குள் நல்ல கரியாகிவிடும். தட்டினால் கிணுங்கும். மாத முடிவில் பட்டாபியிடம் ஜூன் மாதத்துக்கான புது வாடகையை எண்ணி வைத்தபோது அவர் மறுபடி சுவரைத்தான் பார்த்தார்.

இந்தச் செய்தியை அவள் அக்காவுக்குச் சொல்லவில்லை. வாடகை கையை விட்டுப் போகும் வரைக்கும் அவளுக்கே நம்பிக்கை இல்லை. அதனால் சொன்ன நாளில், இடவப்பாதிப் பருவமழையில் முழுக்க நனைந்து, ஒரு புதுச் சோற்றுப் பாத்திரத்தோடு அக்கா வண்டியடியில் வந்து நின்றாள். வண்டிக்குமேல் பிளாஸ்டிக் படுதா கட்டியிருந்தது. அதனடியில் ஷிஜா மரப்பெட்டி மேல் உட்கார்ந்து சிலேட்டில் மலையாள எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பைய எடுத்து வச்சிட்டியாட்டி? மூணு மணி பஸ்ஸப் பிடிக்கணும்," என்றாள் அக்கா.

"எக்கா, பிள்ள இங்கதான் படிக்கும். நாளைக்குச் சேக்கப் போறேன்."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவ்வளவு தூரம் வந்ததற்கும் தலைமையாசிரியரிடம் பேசி வைத்ததற்கும் சேர்த்துப் பேசினாள். "பெரிய கலெக்டரு உத்தியோகம் பாக்கியோ ரெண்டு பேரும்? வாடகைய ஒங்கப்பனா வந்து குடுப்பாரு?"

மாடத்தி தேய்ப்புப் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே மழைக் குளிரிலும் கனல் சிவந்து கிடந்தது. "இது குடுக்கும்க்கா. கரி நான் வாங்குறதே இல்ல இப்ப." பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். சரோஜத்தின் பை, விஷு வேட்டி, தோசைக்கல், டின். அக்கா முதலில் நின்றுகொண்டு கேட்டாள், பிறகு ஷிஜாவின் பக்கத்தில் மரப்பெட்டியில் உட்கார்ந்து கேட்டாள். இடையில் ஷிஜா தாகம் என்று எழுந்தாள். யாரையும் கேட்காமல் வண்டிக்கடியிலிருந்த குடத்தைச் சாய்த்துக் குடித்துவிட்டு, மறுபடி சிலேட்டோடு உட்கார்ந்தாள். மாடத்தி அதைக் கடைக்கண்ணால் பார்த்தாள்.

அக்கா அன்றைக்குப் போகவில்லை. மறுநாள் காலை, மடிப்பு கத்திபோல நின்ற சீருடையில் ஷிஜா பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டபோது, அக்கா அந்தச் சோற்றுப் பாத்திரத்தை அவள் கையில் கொடுத்தாள். நனைந்து சுருங்கிய அக்காவின் சேலையை மாடத்தி முந்தின ராத்திரியே தேய்த்து வைத்திருந்தாள். கஞ்சி போட்டு, முந்தானையைத் தனியாக மடித்து, யாரோ பெரிய வீட்டு அம்மாளின் சேலையைத் தேய்ப்பதுபோல.

தம்பானூரில் நாகர்கோவில் பஸ் புறப்பட நின்றது. கூட்டமே இல்லை. மாடத்தி கீழே நின்று, ஜன்னல் பக்கமாக உட்காரும்படி கையைக் காட்டினாள். அக்கா அந்தச் சேலையின் கொசுவத்தை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். உட்கார்ந்தால் மடிப்பு கலைந்துவிடும். பஸ் வளைந்து திரும்பும்போதும், காலி இருக்கைகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நிமிர்ந்து நின்றபடிதான் இருந்தாள்.