எண்ணெய் பட்ட சக்கரங்கள்

அன்று திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில் இருந்தது மூன்றே பேர்: நான், என் மகள், என் மனைவியின் தம்பி. நான் எட்டாவதோடு நின்றவன், மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் வேலை. மைத்துனன் லேத் பட்டறையில் இருக்கிறான். மகள் சைக்கிள் பந்தயத்துக்குப் போகிறவள்.

அவளுடைய ரேஸ் சைக்கிள் அவளைவிட மூத்தது, இரும்பு ஃபிரேம். அந்த அளவு டயர் எங்கேயும் கிடைக்காமல் போகவே, தெரிந்தவர் ஒருவரிடம் இந்தக் காலத்துச் சக்கரங்கள் ஒரு ஜோடி, பாதி கடனுக்கு வாங்கினோம். மாட்டிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஓட்டலாம். எனக்குப் போட்டியெல்லாம் நினைப்பில் இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவேதான் அவள் பழகுவாள். பிரேக் பிடிக்குமா? அது ஒன்றுதான் மனதை அரித்தது.

பின்சக்கரத்தின் அச்சு நாலு மில்லிமீட்டர் அகலம் கூடுதல். ஃபிரேமுக்குள் இறங்கவில்லை.

"கேஸ் வெச்சு சூடு காட்னா தானா வுட்டுக் குடுக்கும் மாமா" என்றான் மைத்துனன்.

"வேணான்டா, பைப்பு வெந்து பூடும்!"

மரை போட்ட கம்பியும் நட்டும் வைத்து, ஃபிரேமின் பின்கால்கள் இரண்டையும் கால் சுற்று கால் சுற்றாக விரித்தோம். ஒவ்வொரு சுற்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா மாமா, பிரசவமா பாத்துகினு கீறோம்?"

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதுச் சக்கரம் சற்றுச் சிறியது என்பதால் பிரேக் கட்டைகளையும் கீழே இறக்கினோம். சரியாக உட்கார்ந்தது.

அவர்கள் டீ குடிக்கப் போனார்கள். எங்கள் தொழிலில் உப்புக் காற்றுக்குப் பயந்து எதையும் எண்ணெய் தடவாமல் விடமாட்டோம். என் கை தன்னால் எண்ணெய்த் துணியை எடுத்தது. ஆரக்கம்பி, அச்சு, கடைசியில் விளிம்பு முழுவதும் துடைத்துவிட்டேன். பிரேக் கட்டை கவ்வுகிற இடம் அந்த விளிம்புதான். தெரியாதவனில்லை நான். அந்த நேரம் துரு மட்டும்தான் கண்ணில் நின்றது.

டீ குடித்து வந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவள், அரை மணி நேரத்தில் அதைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு செருப்பின் அடி பிய்ந்திருந்தது. பிரேக் வழுக்கி, காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து, நின்றிருந்த டிரெய்லருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தியிருக்கிறாள். விளிம்பில் விரலை ஓட்டி என்னிடம் காட்டினாள்.

"இன்னா நைனா இது?"

"துரு புடிச்சிடும்னு..."

"அலுமினியம் நைனா."

திட்டியிருந்தால் தேவலை.

"வாணாம்மா, திருப்பிக் குடுத்துடலாம். வித்தவரு வாங்கிக்கிறேன்னு சொல்லிக்கீறாரு."

"சக்கரம் இன்னா பண்ணுச்சு, பாவம்? சோப்புத் தண்ணி எட்தா."

மூன்று தடவை கழுவினேன். கட்டைகளை உப்புத்தாளால் தேய்த்தேன். அவள் பிரேக்கைப் பிடிக்க, நான் பின்னாலிருந்து முழு பலத்தோடு தள்ளினேன். சக்கரம் அசையவில்லை. திரும்ப அதே சாலைக்குப் போனாள். வரும்வரை தெருமுனையிலேயே நின்றேன்.

சக்கரங்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. விற்றவருக்கு இன்னும் நாலாயிரத்து இருநூறு ரூபாய் பாக்கி.