பல்லு கூட்டிப் போடு

ஒரு காலத்தில் புதுச்சேரி முதலியார்பேட்டையில் பலராமன் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் விழிப்பார்கள். தள்ளுவண்டி வீடு எது என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போவார்கள். பலராமன் வண்டியில் காய் விற்றவனும் இல்லை, ஐஸ் விற்றவனும் இல்லை. மில்லில் தறி ஓட்டிய மனுஷன். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். அதற்கு ஊர் கொடுத்த பட்டம் அது.

அது 1974. மில்லில் சைக்கிள் பைத்தியங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். நாலு நாள் விடுமுறை வந்தால் வேளாங்கண்ணி, திருவண்ணாமலை என்று கிளம்பிவிடுவார்கள். சங்கத்துக்குத் தலைவர் ஆபீஸ் கிளார்க் தேவதாஸ். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. மகனுக்காக அவர் பாரீஸிலிருந்து ஒரு கியர் சைக்கிள் வரவழைத்துக் கொடுத்திருந்தார். பெடல் பக்கத்திலேயே அதற்கு இரண்டு பல்சக்கரம். பெரிய பிளாத்தோ, சின்ன பிளாத்தோ என்று தேவதாஸ் சொல்லும்போது வாயில் வெண்ணெய் உருகும். ஆட்கள் அவரை, பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுவதுபோல, 'முசே' என்று கூப்பிட ஆரம்பித்தது கேலிக்குத்தான். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வருஷம் ஏற்காடு போவதென்று முடிவானது. புதுச்சேரிக்காரனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்? மேடு என்று பேருக்கு இருப்பது கோரிமேடு ஒன்றுதான். பலராமன் பணிவாகப் போய்க் கேட்டான்.

"ஏத்தத்துக்கு வண்டிய இன்னா பண்ணணும் முசே?"

"பல்லு கூட்டிப் போடுடா. பஞ்சு மாதிரி ஏறும்."

ஊரில் பல்லு என்றால் பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தின் பல்லைத்தான் நினைப்பார்கள். பின்னால் இருக்கும் பல்சக்கரத்துக்குப் பிரீவீல் என்று தனிப்பேர். பலராமன் நாற்பத்து நாலு பல் சக்கரத்தைக் கழற்றிவிட்டு நாற்பத்தெட்டு வாங்கி மாட்டினான். கிளம்பும் காலையில் தேவதாஸ் குனிந்து அந்தப் புதுச் சக்கரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "பேஷ்" என்றார். பிறகு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கூடவே வந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏற்காட்டு மலைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது வளைவிலேயே பலராமனுக்குப் பெடல் நகரவில்லை. எழுந்து நின்று மிதித்தான், பல்லைக் கடித்து மிதித்தான், கடைசியில் இறங்கித் தள்ளினான். மற்றவர்களும் பத்தாவது வளைவுக்கு மேல் இறங்கினவர்கள்தான். ஆனால் இரண்டாவது வளைவில் இறங்கினவன் அவன் ஒருத்தன்தான். மேலே வந்து சேர்ந்தபோது, உட்கார்ந்தபடியே மலை ஏறிவிட்ட தேவதாஸ் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டு, "வாடா தள்ளுவண்டி" என்றார். பதினாலு பேர் சிரித்தார்கள்.

அவர்கள் ஊர் திரும்பும் முன்னே பேர் திரும்பிவிட்டது. பலராமன் கல்யாணத்துக்குச் சங்கத்துக்காரர்கள் அச்சடித்த வாழ்த்துமடலில்கூட அந்தப் பேர்தான். தன் காலில் வலுவில்லை என்று பலராமனே நம்பிவிட்டான். அந்த நம்பிக்கையோடு ஒன்பது வருஷம் தலையைக் குனிந்துகொண்டு மில்லுக்குப் போய் வந்தான்.

ஒன்பதாம் வருஷம், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் வேம்பு அழுதுகொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாட்டுக் கட்டியிருந்தார்கள்: தள்ளுவண்டிப் பொண்ணு, தள்ளி நில்லு.

"நீ எதப்பா தள்ளுன?" என்று கேட்டாள்.

பலராமன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். தன்னோடு போகும் என்று நினைத்த பேர் பிள்ளைக்குச் சொத்தாகப் போகிறதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

அந்த வாரமே வண்டியை ஓவராயிலுக்கு விட நெல்லித்தோப்பு அன்வருதீன் கடைக்குப் போனான். வழக்கமான மெக்கானிக் ஊரில் இல்லாததால்தான் அங்கே போனான். பாய் முன் பல்சக்கரத்தின் பல்லை எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாப்பத்தெட்டா? இன்னாத்துக்குப்பா?"

"மலை ஏறப் போட்டது பாய். பல்லு கூட்டச் சொன்னாங்க."

"அடப்பாவி! கூட்டறது பின்னால. முன்னால கொறைக்கணும். இத மாட்டிக்கிட்டு பயில்வான்கூட ஏற முடியாது. கியர் வண்டி வெச்சிருக்கறவன் எவனும் இதப் பாத்த ஒடனே சொல்லியிருப்பானே."

பலராமனுக்கு அந்த விரல் ஞாபகம் வந்தது. சக்கரத்தைத் தடவிய விரல், "பேஷ்" என்ற வாய். தெரிந்தேதான் சும்மா இருந்திருக்கிறார். ஒன்பது வருஷமாகத் தன் காலைத் திட்டிக்கொண்டிருந்தவனுக்கு, திட்ட வேண்டிய ஆள் யாரென்று அன்றைக்குத் தெரிந்தது. அடித்தால் ஆத்திரம் தீரும், பேர் தீராது. அதே மலையில், அதே பதினாலு பேர் முன்னால், முசே வண்டியைத் தள்ள வேண்டும். அதற்குக் குறைந்து எதையும் வாங்கிக்கொள்வதில்லை என்று முடிவு செய்தான்.

பாய் கடையிலேயே வேலை ஆரம்பித்தது. பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. பெடலை ஒரு சுற்றுச் சுற்றி, கோடு எத்தனை தரம் வருகிறது என்று பார்த்தார்கள்; குறைய வந்தால் மலை ஏற லேசு. பழைய பல்லுக்கு இரண்டரைக்கு மேல் வந்தது. தேங்காய்த்திட்டிலிருந்து மீன் ஏற்றி வரும் மூணு சக்கர வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய இருபத்திரண்டு பல் பிரீவீலைப் பாய் பின்னால் மாட்டினார். போதவில்லை என்றான் பலராமன். சின்னப் பிள்ளை சைக்கிளின் முப்பத்திரண்டு பல் சக்கரத்தை முன்னால் மாட்டினார். இப்போது ஒன்றரைச் சுற்றுகூட முழுசாக வரவில்லை.

"சமதரையில ஆமை மாதிரிதான் போவும்," என்றார் பாய்.

"போவட்டும் பாய். எனக்குச் சமதரையில யார் மேலயும் கோவமில்ல."

மனைவி ஆதிலட்சுமியைக் கேரியரில் உட்காரவைத்துத் தினம் விடிகாலையில் கோரிமேடு ஏறினான். அவள் முதலில் வெட்கப்பட்டாள். விஷயம் முழுக்கத் தெரிந்த பிறகு, ஒரு மரக்கால் அரிசியையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எறங்கிடாத, மிதி" என்பாள்.

வைகாசியில் சங்கம் கூடியது. ஏற்காடு போகலாம் என்று பலராமனே எழுந்து சொன்னான். சிரிப்பு அடங்கியதும் மெதுவாக அடுத்ததைப் போட்டான்.

"போன தடவ முசே சின்ன பிளாத்தோவுலதான ஏறுனாரு? அது பொம்பளைங்க ஓட்டறதுன்னு அவரே சொல்லுவாரே."

தேவதாஸின் முகம் சிவந்தது. "யாருடா சொன்னது? இந்தத் தடவ பெரிய பிளாத்தோவுலயே ஏறிக் காட்டறேன். எல்லாரும் பாருங்க!"

பலராமன் உட்கார்ந்தான். தவளை தன் வாயால் கெட்டது. இனி அந்த மனுஷன் கியரை மாற்றினால் பதினாலு ஜோடிக் கண் பார்க்கும்.

விழுப்புரம் சாலையில் பலராமன்தான் கடைசி. கால் தையல் மிஷினாக ஓடியது, வண்டி நகர்ந்தால்தானே? ரெட்டியார்பாளையம் தாண்டுவதற்குள்ளேயே கேலி தொடங்கிவிட்டது. "நீ வர்றதுக்குள்ள அடுத்த வைகாசி ஆயிடும்டா, தள்ளுவண்டி!" என்று தேவதாஸ் திரும்பித் திரும்பிக் கத்தினார். இரண்டு நாளும் ஒவ்வொரு டீக்கடையிலும் மற்றவர்கள் குடித்து முடித்த பிறகு இவன் வந்து சேர்ந்தான். சிரித்தவர்கள் முகத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டான்.

மலை ஆரம்பித்தது. தேவதாஸ் முதல் நாலு வளைவை அடித்துப் பிடித்து ஏறினார். பலராமன் சீட்டை விட்டு எழவே இல்லை. நடக்கிறவன் வேகம்தான், ஆனால் நிற்காத வேகம். ஆறாவது வளைவில் முசேயின் வண்டி சாலைக்குக் குறுக்கே நெளிவது தெரிந்தது. ஏழாவதில் கை ஒருமுறை கியர் கம்பிக்குப் போனது. பின்னாலேயே வந்த சங்கத்துக் கலியமூர்த்தி, "முசே, பெரிய பிளாத்தோ!" என்று குரல் கொடுத்ததும் கை திரும்பி வந்தது. எட்டாவது வளைவில் தேவதாஸ் இறங்கினார். பாரீஸ் சைக்கிளைத் தள்ள ஆரம்பித்தார்.

மற்றவர்கள் தள்ளினால் அது தள்ளுவது. முசே தள்ளினால் அது செய்தி.

பலராமன் அவரை ஒட்டிப் போனான். பெல்லை இரண்டு தரம் அடித்தான். அவருக்குச் சட்டையெல்லாம் நனைந்து, மூச்சு நாய்போல் இரைத்தது. அவருக்கும் நாற்பத்தைந்து வயதாகியிருந்தது. பாவம் என்ற சொல் பலராமன் மனசில் ஒரு ஓரத்தில்கூட எட்டிப் பார்க்கவில்லை.

இருபதாவது வளைவும் தாண்டி மேலே சேர்ந்தான். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான். பிறகு வண்டியைத் திருப்பி இறக்கத்தில் விட்டான். பதினாலாவது வளைவில் நின்று நின்று தள்ளிக்கொண்டிருந்த தேவதாஸுக்குக் கீழே போய்த் திரும்பி, இரண்டாம் தரம் அவர் பக்கத்தில் மிதித்து ஏறினான். இது தேவையா என்று கேட்பவர்கள் ஒன்பது வருஷம் அந்தப் பேரைச் சுமந்து பார்க்கட்டும்.

தேவதாஸ் நின்றுவிட்டார். அவர் கண் பின்சக்கரத்துக்குப் போனது. எண்ணப் பார்த்தார், எண்ண முடியவில்லை.

"என்னடா பண்ணுன வண்டிய?"

பலராமன் காலை ஊன்றாமல், மிதித்துக்கொண்டே சொன்னான்.

"நீங்க சொன்னதுதான் முசே. பல்லு கூட்டிப் போட்டேன்."

திங்கட்கிழமை ஷிப்ட் மாறும் நேரம், மில் கேட்டில் ஒரே கூட்டம். கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ "தள்ளுவண்டி!" என்று கத்தினார்கள். ஒன்பது வருஷப் பழக்கம், பலராமன் சட்டென்று திரும்பினான். அவனை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் ஆபீஸ் வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்த முசேயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.