பூக் கேட்டு வாங்கிய கார்

என் மகன் ஒரு மாதமாகக் கைப்பேசியில் கார் பார்த்துக்கொண்டிருக்கிறான். இப்போதிருக்கும் கார் உழைத்து ஓய்ந்துவிட்டது. சேலத்திலிருந்து மலையேறி செம்மேட்டில் என் வீட்டு வாசலில் வந்து நின்றால், அதன் முன்பக்கம் இட்லிப் பானை போலப் புகைகிறது. புதுக் கார் வாங்குகிற விலைக்கு, வேறொருவர் கொஞ்ச காலம் ஓட்டிய பெரிய சொகுசுக் காரையே வாங்கிவிடலாம் என்பது அவனுடைய யோசனை. தோல் இருக்கை, கூரையில் கண்ணாடி, கதவைச் சாத்தினால் சத்தமே வராதாம். போன வாரம் இரண்டு படங்களை என் முன்னால் நீட்டி, "நீங்க ஒண்ணு சொல்லுங்கப்பா" என்றான்.

"ஓட்டப்போறவங்களக் கேளு" என்றேன்.

"நானும் அவளுந்தானுங்க ஓட்டப்போறோம்."

"அப்ப அவளக் கேளு."

சிரித்துவிட்டுப் போனான். அப்பா மருமகள் கட்சிக்குப் போய்விட்டார் என்று நினைத்திருப்பான். காரணம் அதுவல்ல. ஒரு காரைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் நான் ஏற்கெனவே ஒரு முறை கை வைத்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. என் மனைவி இருந்தவரை அவளிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அப்பா செம்மேட்டில் இருந்துகொண்டு காப்பிக்கொட்டையும் மிளகும் வாங்கி விற்றவர். மலையிலேயே எடப்புளி நாட்டு ஊர்களுக்குப் போய் வாங்கிய மிளகு மூட்டைகளும் நாங்களும் ஒரே காரில்தான் பயணம் செய்வோம். சின்னக் கார். அதன் நிறம் என்ன என்பதில் வீட்டுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. ஒரு கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். பின்னிருக்கை கிழிந்து உள்ளேயிருந்த தேங்காய் நார் தொடையைக் குத்தும். என் தொடைத் தழும்புகளைப் பார்த்த எங்கள் வகுப்பு ஆசிரியர், பக்கத்து வகுப்பு ஆசிரியர்தான் அடித்துவிட்டார் என்று நினைத்து அவரோடு சண்டைக்குப் போயிருக்கிறார்.

அந்தக் காரில்தான் அம்மா ஓட்டப் பழகினாள். அப்பா ஒரு முறை தோட்டத்தில் வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டிருந்தார். மூட்டைகள் காத்துக் கிடந்தன. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் ஓட்ட, அம்மா கையால் ஓட்டினாள். கட்டு அவிழ்த்த பிறகும் அம்மா விடவில்லை. மலையில் அதுவரை ஒரு பெண் கார் ஓட்டி யாரும் பார்த்ததில்லை. சோளக்காட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள் தலைக்கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்ப்பார்கள். மலைப்பாதையின் மேல்கோடியில் உள்ள சில கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஏறவும் அம்மா பழகிவிட்டாள். அதற்குக் கீழே போக அப்பா சம்மதிக்கவில்லை. "இந்த பிரேக்க நம்பி உன்னய விடமாட்டேன்" என்பார். அந்த பிரேக்கை நம்ப முடியாது என்பது உண்மைதான்.

அம்மாவுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. அடிவாரத்தில், பேளுக்குறிச்சியில், அவளுடைய அப்பா இருந்தார். என் அப்புச்சி. தன் மகள் மலையில் கார் ஓட்டுகிறாள் என்று அவர் சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் நம்பவில்லை. அம்மா தானே ஓட்டிக்கொண்டு மலை முழுவதும் இறங்கிப் போய், சந்தை நாளில், அத்தனை கூட்டத்தையும் விலக்கிக்கொண்டு அப்புச்சி வீட்டு வாசலில் காரை நிறுத்த வேண்டும்.

"ஒரே ஒருக்கா எங்கூட்டு வாசல்ல கொண்டுபோயி நிறுத்திப் போடறனுங்க. அப்புறம் காலத்துக்கும் நீங்களே ஓட்டிக்கங்க" என்பாள் அப்பாவிடம்.

ஆகவே பழைய காரை மாற்றிவிடலாம் என்று அப்பா சொன்னபோது எங்கள் வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டது அம்மாதான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, சேலத்தில் விசாரித்து இரண்டு கார்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். எல்லோருமாகப் பார்க்கப் போனோம். ஒன்று, டாக்டர் ஒருவர் ஓட்டியது. எங்கள் காரின் ஜாதிதான், வயதில் இளையது. அம்மா அதில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைத் திருப்பி வைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தாள். இறங்கி வந்து, "இது போதுமுங்க" என்றாள். அப்பாவும் சரி என்கிற மாதிரிதான் நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு மற்றதைப் பார்த்தோம். நூல் மில் முதலாளி ஒருவரின் வீட்டில் நின்ற வெளிநாட்டுக் கார். கரும்பச்சை நிறம். பின் ஜன்னல்களுக்குத் திரை, கையை வைத்துக்கொள்ள நடுவில் மடக்கிப் போடும் திண்டு, உட்கார்ந்தால் இடுப்புவரை விழுங்கிக்கொள்ளும் இருக்கை. பெட்ரோலைக் குடித்துத் தள்ளுகிறது என்பதால் யாரும் வாங்காமல் கிடந்தது. விலையும் சின்னக் காரின் விலையை ஒட்டித்தான் இருந்தது. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் பின்னிருக்கையில் ஏறிப் படுத்தவன், மாமா காலைப் பிடித்து இழுக்கும்வரை இறங்கவில்லை.

வீடு திரும்பியதும் பேச்சு ஆரம்பித்தது.

"அம்மிணி, இப்பிடி ஒரு வண்டி இந்த மலைக்கே வந்ததில்ல" என்றார் அப்பா.

"வராததுக்கு ஏதாச்சும் காரணம் இருக்குமுங்க" என்றாள் அம்மா.

மாமா இடையில் புகுந்தார். "மச்சான், அந்த வண்டில முன்னால உக்காந்தவன் அடிவாரத்துக் காரவள்ளிக்கு வந்தாலும், பின்னால உக்காந்தவன் இன்னும் சேந்தமங்கலத்துலதான் இருப்பான், பாத்துக்கங்க."

அப்பா சிரித்தார். ஆனால் மனம் மாறவில்லை. அம்மாவும் மாறவில்லை. இரண்டு பேரும் உரக்கப் பேசிச் சண்டை போடுகிறவர்கள் இல்லை. அப்பா சாப்பிடும்போது பச்சைக் காரைப் பற்றிப் பேசுவார். அம்மா பரிமாறும்போது சின்னக் காரைப் பற்றிப் பேசுவாள். கடைசியில் அம்மாதான் சொன்னாள்: "நாம ஏனுங்க மல்லுக்கட்டிக்கிட்டு. சாமிகிட்டப் பூக் கேட்டுப் போடலாம்."

எங்கள் பக்கத்தில் முடிவு எட்டாத விஷயங்களுக்குப் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டி, எது எதுவென்று தெரியாமல் கலைத்து சாமி முன்னால் வைப்பார்கள். ஒரு பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். பெண் கொடுப்பது, கிணறு வெட்டுவது எல்லாம் இப்படித் தீர்ந்திருக்கிறது. கள்ளம் அறியாத கை வேண்டும் என்றுதான் பிள்ளையை எடுக்கச் சொல்வது. எங்கள் வீட்டில் அந்தக் கை என்னுடையது.

தோட்டத்துக்கு மேலே இருந்த கருப்பனார் கோயிலுக்குப் போனோம். பச்சைக் காரை வாங்கலாமா என்பது கேள்வி. வழக்கமாகப் பூசாரி வாசமில்லாத நந்தியாவட்டையைத்தான் வெள்ளைக்கு வைப்பார். அன்றைக்கு அம்மா வீட்டுக் கொடியில் பறித்த மல்லிகையைக் கொண்டுவந்திருந்தாள். சாமிக்குக் கொடுப்பதை நல்லதாகக் கொடுப்போம் என்று நினைத்திருக்கிறாள். பூசாரி அதில் ஒரு பிடியை ஓர் இலையிலும், செவ்வரளியை இன்னோர் இலையிலும் மடித்து வாழைநாரால் கட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு கலைத்து, சாமிக் கல்லுக்கு முன்னால் வைத்தார். "கும்பிட்டு ஒண்ண எடு சாமி" என்றார்.

நான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். முகம் இரண்டு பொட்டலங்களுக்கும் நேராக இருந்தது. முதலில் இடது பக்கம் மூக்கைக் கொண்டுபோனேன். இலை வாசம்தான் வந்தது. மெதுவாக வலது பக்கம் நகர்ந்தேன். எங்கள் வீட்டு மல்லிகையின் வாசம் எனக்குத் தெரியாதா? சந்தேகத்துக்கு இடமில்லாமல் இன்னொரு முறையும் முகர்ந்துகொண்டேன்.

"பையனுக்கு என்ன பக்தீங்க" என்றார் பூசாரி அப்பாவிடம். "நானே இந்தக் கருப்பன் முன்னால இத்தன நேரம் உழுந்து கெடந்ததில்ல."

எழுந்து வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். பிரித்தார். வெள்ளை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பரீட்சையில் தேறிய பையனின் முகம் போல இருந்தது. கண்ணை மூடி நின்ற அம்மா திறந்து பார்த்தாள். மல்லிகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சாமி சொல்லிருச்சு, அப்புறமென்னங்க" என்றாள். சாமியின் தீர்ப்புக்கு மேல் அப்பீல் போகிறவள் இல்லை அம்மா.

பழைய காரைச் சேலத்தில் தரகரிடம் தள்ளிவிட்டு, பச்சைக் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். காரவள்ளிவரை நான் ராஜா மாதிரி வந்தேன். அங்கிருந்து மலைப்பாதை தொடங்குகிறது. முதல் வளைவில் அப்பா ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தார். கார் திரும்பவில்லை. மூக்கு மலைச்சுவரை முட்டிக்கொண்டும் வால் ரோட்டை அடைத்துக்கொண்டும் குறுக்கே நின்றது. பின்னால் எடுத்தார், பிறகு முன்னால், பிறகு மறுபடியும் பின்னால். பின்னால் பள்ளம். ஆகவே மாமாவும் நானும் இறங்கி, ஒவ்வொரு தடவையும் சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வளைவைத் தாண்டினோம். அடுத்த வளைவு கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது.

பின்னால் வந்த பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி வந்து காரை நீளவாக்கில் நடந்து பார்த்தார். "ஏனுங்க, இத மேல கொண்டுபோயி எங்கீங்க மெதக்க உடப்போறீங்க?" என்றார்.

"ஆகாய கங்கை அருவிலதான். நீங்களும் வாங்க, ஒரு சீட்டு இருக்குது" என்றார் மாமா.

பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் இறங்கி ஆளுக்கொரு பக்கம் நின்று "ஒடிங்க, இன்னும் ஒடிங்க, அட நேராக்குங்க" என்று அப்பாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தார்கள். அவர்களில் யாரும் சைக்கிளுக்கு மேல் ஓட்டியவர்கள் இல்லை. நான் மலை முழுவதையும் கல்லோடு நடந்தே ஏறினேன். எந்த இருக்கைக்காகச் சாமியை ஏமாற்றினேனோ, அதில் சோற்றுத் தூக்குவாளி சொகுசாக வந்துகொண்டிருந்தது.

பாதி மலையில் அம்மாவும் இறங்கி, ஒரு வளைவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்பாவின் ஜன்னலருகே போய்க் குனிந்தாள். "இன்னும் வெளிப்பக்கமா வாங்கிட்டுப்போயி, அப்புறமா ஒடிச்சுப் பாருங்க." அப்பா அப்படியே செய்தார். ஒரே ஒரு ரிவர்ஸில் கார் திரும்பிவிட்டது. "பாத்தியா, வண்டி மலைக்குப் பழகிருச்சு" என்றார் அப்பா, உண்மையான மகிழ்ச்சியோடு.

இரண்டொரு நாள் கழித்து அம்மா அந்தக் காரை ஓட்டிப் பார்த்தாள். உட்கார்ந்தால் பானட் மறைத்தது, பாதை தெரியவில்லை. தலையணை போட்டோம். பாதை தெரிந்தது, கால் எட்டவில்லை. முன்னால் தள்ளி உட்கார்ந்தாள். ஸ்டியரிங் உரல் போலக் கனத்தது. வாசலிலேயே எல்லோரும் சிரித்தோம். அம்மாவும்தான் சிரித்தாள். "இது எனக்கு ஆகாதுங்க" என்று இறங்கிக்கொண்டாள். "உனக்குன்னு சின்னதா ஒண்ணு அப்புறம் வாங்கிக்கலாம் அம்மிணி" என்றார் அப்பா. மனதாரத்தான் சொன்னார். அந்த அப்புறம் வரவே இல்லை.

அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்கலாம். பூவை எதிர்த்து அம்மாவால் பேச முடியாது; நான் செய்ததை எதிர்த்துப் பேசியிருக்க முடியும். டாக்டரின் கார் அப்போதும் விற்காமல்தான் இருந்தது என்று மாமா சொன்னார். அடி விழும் என்று பயந்து நான் மறைக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அடிக்க மாட்டார்கள். இருக்கை மெத்தென்று இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

அடுத்த சந்தை நாளில் அப்பா ஓட்ட, பேளுக்குறிச்சிக்குப் போனோம். கூட்டம் விலகி வழிவிட்டது. அப்புச்சி நாலைந்து பேரோடு வாசலில் நின்றிருந்தார். கார் நின்றதும் துண்டைச் சரிசெய்துகொண்டு வேகமாக வந்து, ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் தானே திறந்தார். உள்ளே அப்பா இருந்தார். "வாங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு, அப்புச்சி பின்கதவைப் பார்த்தார். கூட நின்றவர்களில் ஒருவர், "என்ன மாமா, புள்ள ஓட்டியாருமுன்னீங்க" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பத் திரும்ப அந்தக் காரையே தடவிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் மலையேறும்போது பின்னிருக்கையில் அம்மாவின் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு வளைவும் நெருங்கும்போது அம்மாவின் இடது கால் தரையை மிதித்தது. மடியில் கிடந்த இடது கை எதையோ பிடித்துத் தள்ளுவது போல லேசாக அசைந்தது. வளைவு திரும்பும்போது வலது கால் மெல்ல அழுத்தியது. அடுத்த வளைவிலும் அப்படியே. அவள் திரைக்கு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்குதாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா பாத்துத்தான் ஓட்டறாரு" என்று சொல்லி, அவள் முழங்காலை என் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"செரி கண்ணு" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த வளைவுகளில் அம்மாவின் கால்கள் அசையவில்லை. பயம் தெளிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அந்த மெத்தையில் சாய்ந்து நான் தூங்கிப்போனேன்.