கொன்ட்ரோல் கார்டுக்கு ஏழு போட்டவள்

1. மோதிரம்

முதல் நாள் என்னிடம் கேட்ட முதல் காரியம், கல்யாண மோதிரத்தைக் கழற்றுவது. இருபத்தாறு வருடமாக விரலை விட்டு இறங்காத மோதிரம். கைகழுவும் தொட்டியடியில் நின்று, சவர்க்காரம் போட்டு முறுக்கித்தான் எடுத்தேன். எங்கள் குழுத் தலைவன் டிலக்சன் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையை நீட்டினான். திருகோணமலைப் பெற்றோருக்கு ஒஸ்லோவில் பிறந்த பிள்ளை, முப்பது வயதுகூட இராது.

“குறை நினைக்காதேங்கோ அன்ரி. மோதிரம் பட்டால் கார்டில கீறல் விழும். சில கார்ட் உங்கட ஒரு வருசச் சம்பளம்.”

பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். இல்லை, உண்மையைத்தான் சொன்னான்.

வேலை இதுதான். உலகத்தில் உள்ள சேகரிப்பாளர்கள் தங்கள் கார்டுகளை எங்களுக்கு அனுப்புவார்கள். உதைபந்தாட்டக்காரர் படம் போட்டவை, கற்பனை விலங்குகள் உள்ள விளையாட்டுக் கார்டுகள், எல்லாம் வரும். படம் நடுவில் இருக்கிறதா, நான்கு மூலையும் கூராக இருக்கிறதா, விளிம்பில் வெள்ளை தெரிகிறதா, மேற்பரப்பில் கீறல் உண்டா என்று லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, பத்துக்குப் புள்ளி போட வேண்டும். பிறகு கார்டைத் தடித்த பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, புள்ளியை மேலே பதித்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பெட்டிக்கு ஸ்லாப் என்று பெயர். ஒரே கார்ட் ஏழு வாங்கினால் ஒரு விலை, ஒன்பது வாங்கினால் பல மடங்கு விலை.

இந்த வேலை எனக்குக் கிடைத்தது என் கண்ணால். அதற்கு முன் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் ஒளிமேசையடியில் நின்றவள் நான். கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசை அது. மீன் துண்டை அதன்மேல் போட்டால் உள்ளே சுருண்டு கிடக்கும் புழு நிழலாகத் தெரியும். நேர்முகத்தில் இதைச் சொன்னபோது நோர்வேஜிய முதலாளி சிரித்துவிட்டு, அப்படிப்பட்ட கண்தான் எங்களுக்கு வேண்டும் என்றார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

2. கையும் கண்ணும்

அறைக்கு ஜன்னல் இல்லை. சுவர் முழுக்கக் கறுப்புப் பூச்சு. மேசைக்கு மேசை ஒரு விளக்கு. பதினொரு பேர் இருந்தோம், யாரும் கதைக்கக் கூடாது. மணிக்கு முப்பது கார்ட் என்பது கணக்கு. அதாவது ஒன்றுக்கு இரண்டு நிமிடம். அதில் உறையிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதும் அடக்கம்.

கையுறை போட்டால் மூலை மாட்டிக்கொள்ளும் என்று வெறுங்கையால்தான் தொட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் கைகழுவ வேண்டும். எண்ணெய் படியும் என்று கைக்குக் கிறீம் பூசவும் தடை. கார்ட் வளையாமல் இருக்க அறையின் ஈரத்தை ஒரு இயந்திரம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒஸ்லோப் பனிக்காலத்தில் இப்படி ஒரு நாளைக்கு இருபது தடவை கைகழுவினால் என்ன ஆகும்? மார்கழியில் என் இரண்டு பெருவிரலும் வெடித்துவிட்டன. வெடித்த விரலில் இரத்தம் கண்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள். கூப்பிட்டால் மட்டும் போகிற தற்காலிக ஆள் நான் என்பதால், அனுப்பிய நாளுக்குச் சம்பளமும் கிடையாது. கார்டுக்கு ஈரம் பார்த்தவர்கள் எங்கள் கையைப் பார்க்கவில்லை.

கண்ணும் அப்படித்தான். பின்னேரமானால் ரயிலில் எதிரே இருப்பவரின் முகம் கலங்கித் தெரியும். கணினி பார்க்கிறவர்களுக்கு நிறுவனம் வேலைக்கண்ணாடி வாங்கிக் கொடுக்கிறதே, எங்களுக்கும் தரலாமே என்று கேட்டேன்.

“அது ஸ்கிரீன் பாக்கிற ஆக்களுக்கு அன்ரி” என்றான் டிலக்சன். “லூப் ஸ்கிரீன் இல்லையாம். மேல கேட்டனான்.”

கண்ணாடியை என் காசில் செய்தேன். சம்பளம் மீன் தொழிற்சாலையில் கடைசியாக வாங்கியதைவிடக் குறைவு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மீன் நாறும். ஆனால் அங்கே தொழிற்சங்கம் இருந்தது.

3. வீடு

இத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததற்கு ஒரே காரணம் ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு. பதினான்கு வருடமாக அங்கே இருந்தோம். வீட்டுக்காரர் விற்கப் போகிறார், முதலில் எங்களிடம் கேட்டார், ஈஸ்டர் வரை பொறுக்கிறேன் என்றார். கணவருக்கு முதுகு வருத்தம், வேலைக்குப் போக இயலாது. வங்கியில் இருந்த பெண் நல்ல மாதிரித்தான் கதைத்தாள். ஆனால் நிரந்தர வேலைக் கடிதம் இல்லாமல் கடன் இல்லை என்றாள்.

ஆறு மாதம் நல்ல மாதிரிச் செய்தால் நிரந்தரம் என்பது நிறுவனத்தின் வாக்கு. நல்ல மாதிரி என்பதை அளக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். நிறுவனத்துக்குச் சொந்தமான, ஏற்கெனவே புள்ளி போட்டு முடித்த சில கார்டுகளை, சொல்லாமல் எங்கள் தட்டில் கலந்துவிடுவார்கள். அவைதான் கொன்ட்ரோல் கார்ட். பதிவில் உள்ள புள்ளியையே நாங்களும் போட்டால் கண் நிலையானது. விலகினால் எங்கள் மதிப்பு இறங்கும்.

4. ஒற்றைக்கண் டிராகன்

பக்கத்து மேசை கவிதாவுக்கு. கோயம்புத்தூர்ப் பெண், கணவர் கணினி வேலையில். நான் ‘ஓம்’ என்றால் சிரிப்பாள், அவள் ‘ஆமாங்க்கா’ என்றால் நான் சிரிப்பேன். தை மாதம் ஒரு மதியம், சாப்பாட்டு அறையில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அக்கா, அந்த ஒத்தைக்கண்ணு டிராகன் வந்தா யோசிக்காம ஒன்பது போட்டுடுங்க. டெஸ்ட் கார்டு அது. எனக்கு நாலு தடவை வந்துருச்சு. எல்லாருமே கண்டுபிடிச்சுட்டாங்க.”

“பாக்காமலே போடுறியளோ?”

“பாத்தா என்ன, பாக்கலைன்னா என்ன? அவங்களுக்கு வேண்டியது ஒன்பது. குடுத்துட்டுப் போங்க.”

அடுத்த கிழமை அது என் தட்டில் வந்தது. எனக்கும் தெரிந்த கார்ட்தான். முதல் மாதத்தில் நானே மனமறிந்து ஒன்பது போட்டிருந்தேன். இப்போது லூப்பை வைத்தால் இடது மேல் மூலை வெளுத்திருந்தது. விளக்கைச் சரித்துப் பிடித்தால் மேற்பரப்பில் மயிர் போன்ற கோடுகள், எல்லாம் ஒரே திசையில். உறையிலிருந்து இழுத்து இழுத்து வந்தவை.

அந்த ஒரு கார்டோடு ஐந்து நிமிடம் இருந்தேன். ஒன்பது போட்டால் வேலை நிரந்தரமாகும், வீடு கிடைக்கும். அது தெரியாத முட்டாள் இல்லை நான். ஆனால் பன்னிரண்டு வருடம் புழுவைக் கண்டால் எடுத்துக் காட்டிப் பழகிய புத்தி. எடுத்துக் காட்டினால் மேலதிகாரி நன்றி சொல்கிற இடத்திலிருந்து வந்தவள். நிறுவனத்தின் சோதனைக் கார்டே பழுதாகிவிட்டது என்று சொன்னால் சந்தோசப்படுவார்கள் என்றுகூட நம்பினேன். ஏழு போட்டேன்.

அன்று வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

“போட்டிட்டு வந்திட்டாய்தானே. சாப்பிடு” என்றார்.

5. மேலிடம்

டிலக்சன் என்னைக் கூப்பிட்டது மாத முடிவில்.

“அன்ரி, ரெண்டு புள்ளி வித்தியாசம். நீங்களே முதல் மாசம் ஒன்பது போட்டிருக்கிறியள்.”

“அப்ப அது ஒன்பது. இப்ப ஏழு.”

“கார்ட் மாறாது அன்ரி.”

“ஏன் மாறாது? பதினொரு பேர் மாறி மாறி உறையிலயிருந்து இழுத்தால் மாறாதோ? விளக்கடிக்குக் கொண்டு வந்து பார் தம்பி.”

கொண்டு வந்தான். லூப்பை வைத்தான். அவன் பார்வை மூலையில் நின்றது, பிறகு மேற்பரப்பில் நின்றது. நல்ல கண் அவனுக்கும். லூப்பை மேசையில் வைத்தான்.

“ஓம். தேஞ்சிருக்கு. நான் மேல கதைக்கிறன்.”

கதைத்தான். பதில் இரண்டு நாளில் வந்தது. கொன்ட்ரோல் கார்ட் தேய்ந்திருப்பதைக் கவனித்ததற்கு நன்றி, கார்டை மாற்றிவிட்டோம் என்றார்கள். ஆனால் சிஸ்டத்தில் பதிந்த என் மதிப்பைத் திருத்த வழியில்லையாம். இன்னும் ஆறு மாதம் தற்காலிகமாகத் தொடரலாமாம். பார்க்காமல் ஒன்பது போட்ட கவிதாவுக்கு அந்தக் கிழமையே நிரந்தரக் கடிதம் வந்தது. அவள் என் மேசையைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டாள். அவளில் எனக்குக் கோபம் இல்லை. என்னில்தான் கோபம்.

6. ஸ்தவாங்கரிலிருந்து வந்த கடிதம்

பங்குனியில் டிலக்சன் ஒரு ஸ்லாப்போடு என் மேசைக்கு வந்தான். உள்ளே ஒற்றைக்கண் டிராகன். மேலே ஒன்பது.

மாற்றிய கார்டை அவர்கள் எறியவில்லை. பழைய புள்ளியோடேயே பெட்டியில் அடைத்து, முன் கந்தோரில் விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள். தேய்ந்துவிட்டது என்று நான் காட்டிக்கொடுத்ததால்தான் அது விற்பனைக்கே போனது. வாங்கியவர் ஸ்தவாங்கர் நகரில் ஒரு எண்ணெய்க் கப்பல் தொழிலாளி. ஸ்லாப்பைத் திருப்பி அனுப்பி, கூடவே மரியாதையான கடிதம் எழுதியிருந்தார். நான் நிபுணன் இல்லை, குசினி விளக்கில்தான் பார்த்தேன், இடது மேல் மூலை வெள்ளையாகத் தெரிகிறது, தயவுசெய்து இன்னொரு தடவை பாருங்கள் என்று.

“கார்டைப் பாத்த ஆள் ஒருத்தர் கையெழுத்து வைக்கோணும் அன்ரி, ஒன்பது சரியெண்டு. பதிவில உங்கட பேர் இருக்கு. முதல் மாசம் போட்டது.”

“இது ஏழு எண்டு உனக்குத் தெரியும்.”

“தெரியும்.” அவன் என் மேசை விளக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “ஈஸ்டருக்கு முன்னம் வங்கிக்குக் கடிதம் வேணுமெண்டு சொன்னனீங்கள். இது முடிஞ்சால் உங்கட நிரந்தரத்தை நான் கேக்கலாம். கேட்டால் தருவினம். அதுக்கு மேல என்னால ஏலாது அன்ரி.”

அவனைத் திட்ட வாய் வரவில்லை. அவனும் யாரோ ஒருவரின் கீழே சம்பளத்துக்கு நிற்கிறவன். மேலிடம் என்ற அந்த ஆளை நான் ஒரு நாளும் கண்டதில்லை. லூப்பை எடுத்து மூலையை இன்னொரு முறை பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

நிரந்தரக் கடிதம் ஈஸ்டருக்கு ஒன்பது நாள் முன்னால் வந்தது. வங்கிப் பெண் வாழ்த்துச் சொன்னாள். வீடு எங்களுடையதாகிவிட்டது.

ஸ்தவாங்கர்க்காரரிடமிருந்தும் இரண்டு வரி வந்தது. டிலக்சன் அதை எனக்குக் காட்டாமல் விட்டிருக்கலாம், ஆனால் காட்டினான். இவ்வளவு கவனமாகத் திரும்பப் பார்த்ததற்கு மிக்க நன்றி, பிழை என் கண்ணில்தான் போலிருக்கிறது, வயதாகிறது, கண் வைத்தியரிடம் போகப் போகிறேன் என்று எழுதியிருந்தார்.

7. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

நான்கு வருடம் ஆகிவிட்டது. இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்கிக் கொடுப்பது என் பொறுப்பு. கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது சில காரியங்கள்தான். முதல் நாளே தொழிற்சங்கத்தில் சேருங்கள், தேவை வந்த பிறகு சேரலாம் என்று இருக்காதீர்கள். கை வெடித்தால் வைத்தியரிடம் போய்க் கடிதம் எடுங்கள். உங்கள் மதிப்பு எப்படி இறங்கியது என்று எழுத்தில் கேளுங்கள், வாயால் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முன்பு இன்னொன்றும் சொல்வேன். உண்மையைச் சொல்வதற்கு முதல் வேலையை நிரந்தரமாக்குங்கள், பிறகு உங்களை அசைக்க முடியாது, அப்போது சொல்லலாம் என்று. அந்தப் புத்திமதியை நிறுத்திவிட்டேன். என்னை அசைக்க முடியாமல் நான்கு வருடம் ஆகிறது. ஸ்தவாங்கர்க்காரரின் விலாசம் எங்கள் கணினியில் இருக்கிறது, பெயரைத் தட்டினால் வரும். உங்கள் கண்ணில் பிழையில்லை ஐயா என்று ஒரு வரி எழுத இரண்டு நிமிடம்கூட ஆகாது. இன்னும் எழுதவில்லை.