இராவணன் நகம்

வெள்ளைக்காரக் கப்பற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போன புதிது. நான் சல்லிக் கரையில் சுறாக் கருவாடு போட்டுப் பிழைத்தேன். ஒருநாள் கரைவலையில் உள்ளங்கையளவு கறுப்புக் கல்லொன்று ஏறியது. முக்கோணமாக, நுனி கூராக இருந்தது. கோணேசர் மலையை இராவணன் வாளால் வெட்டிய இடம் பக்கத்தில்தானே? அவனுடைய நகம் என்று வலை இழுத்தவர்கள் முடிவுகட்டி, குங்குமம் பூசி, வலை வைக்கிற வாடியில் வைத்துக் கும்பிட்டார்கள்.

நானும் கும்பிடத்தான் போனேன். தொட்டபோது அதன் ஓரம் விரலை அராவியது. நாள்தோறும் சுறாத் தலையை வெட்டும்போது என் விரலைக் கிழிக்கிற அதே அரம்.

"இது நகமில்லை. சுறாப்பல்லு," என்றேன்.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் சிரித்தார். "அவ்வளவு பெரிய சுறாவெண்டால் அதின்ர எலும்பு எங்கை, பிள்ளை?"

"சுறாவுக்கு ஏதண்ணை எலும்பு? உள்ளுக்கு முழுக்கக் காதுமடல் மாதிரிக் குருத்து. அது உக்கிப்போம், பல்லுத்தான் மிஞ்சும். கல்லாய்ப் போற அளவுக்கு இது பழசு."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பொம்பிளை தொட்டுத் தீட்டாக்கிப்போட்டாய். இனி இதை இஞ்ச வைக்க ஏலாது."

"ஏலாதெண்டால் தாங்கோ. தீட்டு என்னோடயே இருக்கட்டும்."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்றும் என் குசினி யன்னலில், அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் நகமா என்று கேட்கிறார்கள். நகமென்றால் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். பல்லென்றால், அது இருந்த வாயையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.