தமிழ் அடிக்கும்போது ஆன்டிவைரஸை அணைத்தவள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி அடைமழையில், சிதம்பரத்தில் என் வீட்டு முன்னறையில் நடந்தது இது. அந்த அறையில்தான் இருபது வருடமாக ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள் கையெழுத்தில் கொண்டு வருவார்கள். நான் அடித்துப் புரூஃப் எடுத்துக் கொடுப்பேன், அவர்கள் திருத்தித் தருவார்கள், மறுபடி அடிப்பேன். தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, தமிழில் என் வேகத்துக்கு இந்த ஊரில் ஆள் கிடையாது. எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்று பேராசிரியர்களுக்கே போனில் சொல்லியிருக்கிறேன்.

கம்ப்யூட்டர் விஷயத்திலும் நான் விவரமானவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரிஜினல் ஆன்டிவைரஸ் போட்டிருந்தேன். வீட்டுக்கு இன்டர்நெட் கொடுக்கிற ரவுட்டரிலும் பாதுகாப்பு வசதி இருந்தது. வீட்டிலுள்ள கம்ப்யூட்டரோ செல்போனோ மோசமான தளம் எதையாவது தொடப் போனால், ரவுட்டரே தடுத்துவிட்டு என் செல்போனுக்குத் தகவல் அனுப்பும். இரண்டு காவல் இருக்கிற வீட்டில் என்ன பயம்?

ஒரே ஒரு தொல்லைதான். நான் தமிழ் அடிக்கிற கீபோர்டு சாப்ட்வேர் பழைய காலத்தது. நாம் தட்டுகிற எழுத்தை இடையில் பிடித்துத் தமிழாக மாற்றுவதுதான் அதன் வேலை. ஆன்டிவைரஸ் கண்ணுக்கு அது திருட்டு வேலையாகத் தெரியும். நான் 'அ' அடிப்பதற்குள் 'ஆபத்து' என்று கத்தி, சாப்ட்வேரைத் தூக்கி உள்ளே வைத்துவிடும். அதனால் தமிழ் அடிக்க உட்காரும்போதெல்லாம் ஆன்டிவைரஸை அணைத்துவிடுவேன். எனக்குத் தெரிந்த டி.டி.பி.காரர்கள் பலரும் அப்படித்தான் செய்தார்கள். நான் நாள் முழுக்க அடிப்பதே தமிழ்தான். அப்படியென்றால் ஆன்டிவைரஸ் எப்போது வேலை செய்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். ஒருநாள் இதைக் கவனித்துவிட்டு, ஏன் அணைக்கிறாய் என்று கேட்டார். ரவுட்டர் பார்த்துக்கொள்ளும் என்றேன்.

"எங்க கேட்ல தீப்பெட்டிலேர்ந்து செல்போன் வரைக்கும் வாங்கி வெச்சிக்கினுதான் உள்ள வுடறாங்க. அதுக்காவ உள்ள போயி மாஸ்க்க கழட்டிப் போட்டுட்டா வேல செய்யறோம்?" என்றார்.

"உங்களுக்குத் தமிழ் டைப்பிங் தெரியுமா? போங்க" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

அந்த ஐப்பசியில் என்னிடம் இருந்தது குமராட்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் ஆய்வேடு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற குடும்பத்தில் பிறந்தவள். கொள்ளிடக் கரை ஊர்களில் வெள்ளத்தைப் பற்றி மக்கள் பேசுகிற சொற்களை ஏழு வருடமாக வீடு வீடாகப் போய்ச் சேகரித்திருந்தாள். கொடுத்த கூடுதல் அவகாசமும் முடிந்து, அந்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவே ரத்து என்கிற நிலை. ஐந்து இயல்களும் அடித்தாயிற்று, கடைசித் திருத்தம் மட்டும்தான் பாக்கி. திங்கட்கிழமை சில படங்களைச் சேர்ப்பதற்காக ஒரு பென்டிரைவ் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனாள். வழியில் ஏதோ ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்தது. நான் செருகினேன். ஃபோல்டர் இரண்டு தட்டுக்குத் திறக்காமல் மூன்றாவது தட்டுக்குத் திறந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆய்வேட்டின் இன்னொரு பிரதியை அதிலேயே போட்டு, கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்துவிட்டேன்.

அன்று மத்தியானத்திலிருந்து என் செல்போனில் ரவுட்டரின் தகவல் வந்துகொண்டே இருந்தது. ஆங்கிலத்தில், எதையோ தடுத்துவிட்டோம் என்று. சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி நச்சரிக்கிறார்கள் போலிருக்கிறது என்று ஒவ்வொன்றையும் விரலால் தள்ளிவிட்டேன்.

புதன்கிழமை மழையில் எங்கேயோ கேபிள் அறுந்து இன்டர்நெட் போய்விட்டது. மத்தியானத்துக்குள் முழு ஆய்வேட்டையும் அவளுடைய நெறியாளருக்கு மெயில் செய்ய வேண்டும். இதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கம்ப்யூட்டரை அதில் இணைத்தேன். மெயிலைத் திறந்து ஃபைலை எடுக்கப் போகும்போது, முதல் இயலின் பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டன. அடுத்து இரண்டாம் இயலுக்கும் அப்படியே. பாய்ந்து போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன்.

அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர் வந்து, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் தன் மெஷினில் போட்டுப் பார்த்தார். மூன்று இயல்கள் பிழைத்திருந்தன. முதல் இரண்டும் பூட்டப்பட்டுவிட்டன, திறக்க வழியில்லை என்றார். பென்டிரைவில் வைத்த பிரதியும் போய்விட்டது. பிறகு என் செல்போனை வாங்கி, நான் தள்ளிவிட்ட தகவல்களைத் தேடி எடுத்துப் படித்தார்.

"ரெண்டு நாளா ஒங்க ரவுட்டர் கத்திக்கினே இருந்திருக்குதுக்கா."

அவர் சொன்ன பிறகுதான் எல்லாம் விளங்கியது. பென்டிரைவில் வருவது ரவுட்டரின் கண்ணில் படாது. அதைப் பிடிப்பது ஆன்டிவைரஸ் வேலை, அதைத்தான் நான் தூங்க வைத்திருந்தேன். உள்ளே புகுந்தது சின்ன வைரஸ்தான். ஃபைல்களைப் பூட்டுகிற பெரிய வைரஸை வெளியிலிருந்து வரவழைக்க அது இரண்டு நாளாக முயன்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ரவுட்டர் மறித்திருக்கிறது. ஹாட்ஸ்பாட் போட்டதும் ரவுட்டருக்கு வேலையே இல்லாமல் போய், கேட்பாரில்லாத வழியாக அது வந்துவிட்டது.

தமிழ் அடிக்கிறவர்கள் வேறு என்னதான் செய்வது என்று நான் சண்டைக்குப் போனேன்.

"கீபோர்டு சாப்ட்வேர அத செஞ்சவங்க கிட்டயே நல்ல காப்பியா வாங்கிப் போடுங்க. அப்புறம் அந்த ஒண்ண மட்டும் வுட்டுடுன்னு ஆன்டிவைரஸ்ல சொல்லி வெக்கலாம்க்கா. ரெண்டு நிமிசம் ஆவும்" என்றார்.

இருபது வருட அனுபவசாலிக்கு அந்த இரண்டு நிமிட வேலை தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

இனி அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், அவள் போன் எண்ணை அழுத்தும்போது என் நாக்கு நுனியில் இருந்தது "எல்லாம் உன் பென்டிரைவால வந்தது" என்பதுதான். கம்ப்யூட்டரில் வைரஸ், இரண்டு இயல் போய்விட்டது என்று சொல்லி முடித்தேன்.

"மத்தவங்களுது ஏதாவது போயிடுச்சாக்கா? பாவம், அவுங்களுக்கு என்னா பதில் சொல்லுவீங்க?" என்றாள்.

அதைக் கேட்ட பிறகு பழியை அவள் மேல் போட வாய் வரவில்லை. நான்தான் ஆன்டிவைரஸை அணைத்து வைத்திருந்தேன், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது.

"புரூஃப் கட்டு எங்கிட்டதான் இருக்குது. காலைல மொத மினி பஸ்ல வந்துர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

வியாழன் காலை ஆறரைக்கு வாசலில் நின்றாள். மழைக்கு உரச் சாக்கில் சுற்றிய புரூஃப் கட்டு இடுப்பில் இருந்தது. என் மகளின் லேப்டாப்பில், ஆன்டிவைரஸ் விழித்திருக்க, அந்த ஒரு சாப்ட்வேருக்கு மட்டும் அனுமதி கொடுத்து உட்கார்ந்தேன். அவள் படிக்கப் படிக்க நான் அடித்தேன். சில இடங்களில் மை கரைந்திருந்தது. அங்கெல்லாம் தாளை மடியில் வைத்துவிட்டு, அந்தச் சொல்லை யார் எந்த ஊரில் எப்படிச் சொன்னார்கள் என்று நினைவிலிருந்தே சொன்னாள். என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து, ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல் எங்கள் இருவருக்கும் உப்புமா கிண்டிக் கொடுத்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தொண்ணூறு பக்கமும் முடிந்தது.

ஆய்வேட்டில் நன்றியுரையைக் கடைசியாகத்தான் அடிப்போம். நெறியாளர், பெற்றோர், சொற்களைச் சொன்ன ஊர்க்காரர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி வரியில், "என் ஏழு வருட உழைப்பைப் பாதுகாத்து, ஆய்வேடாக்கித் தந்த தட்டச்சர் அக்காவுக்கு" என்றாள். என் விரல் 'பாதுகாத்து' என்ற சொல்லுக்கு முன்னால் நின்றுவிட்டது. அந்தச் சொல்லை எடுத்துவிடலாம், அது எனக்குப் பொருந்தாது என்றேன்.

"அடிங்கக்கா, கடைசி பஸ்ஸும் போயிடப் போவுது."

அடித்தேன். வெள்ளிக்கிழமை மதியம் பைண்டிங் முடிந்து, மூன்று மணிக்குச் சமர்ப்பித்துவிட்டுப் போன் செய்தாள். இப்போது அவள் பெயருக்கு முன்னால் முனைவர் பட்டம் இருக்கிறது.

இப்போதும் என் வேகத்துக்கு இந்த ஊரில் ஆள் கிடையாது என்றுதான் சொல்வேன். ஆனால் எத்தனை அவசரக்காரர் வந்தாலும், பென்டிரைவைப் பரிசோதிக்காமல் திறப்பதில்லை. ரவுட்டர் அனுப்பும் தகவலைப் படிக்காமல் தள்ளுவதும் இல்லை. அந்த நன்றியுரை இன்றும் நூலகத்தில் இருக்கிறது. அன்றைக்கு எனக்குத் தகுதியில்லாமல் கிடைத்த அந்த ஒரு சொல்லை, வேலைக்கு உட்காரும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாக்கிக்கொண்டிருக்கிறேன்.